கருவாட்டு வியாபாரக் குடும்பத்துப் பெண் பி.பி.ஏ. மார்க்கெட்டிங் படிப்பது பொருந்துமா?

கேள்வி (மண்டபம் மாணவி)

வணக்கம். மண்டபம் பக்கத்து அரசுப் பள்ளியில் வணிகவியல் பிரிவெடுத்துப் பிளஸ் டூ முடித்திருக்கிறேன். அப்பா கருவாடு வாங்கி விற்பவர். நெத்திலி, வாளை, சுறா ஆகியவற்றைக் கரையிலேயே எடுத்து, மூட்டை கட்டி, மதுரையில் உள்ள மொத்தக் கடைக்கு அனுப்புகிறார். எனக்கு பி.பி.ஏ. (வணிக நிர்வாக இளங்கலை) சேர்ந்து மார்க்கெட்டிங் படிக்க ஆசை. "விற்கத் தெரிந்தவனுக்குப் பட்டம் எதற்கு? தெரியாதவனுக்குப் பட்டம் இருந்துதான் என்ன பயன்?" என்று அப்பா கேட்கிறார், பதில் சொல்லத் தெரியவில்லை. பி.காம். எடுத்தால் வங்கித் தேர்வுக்காவது உதவும் என்பது மாமாவின் கட்சி. இந்தப் படிப்பில் மூன்று ஆண்டுகளும் உண்மையில் என்னதான் கற்றுத் தருகிறார்கள்? இதற்காகச் சென்னை வரை போக வேண்டுமா?

பதில் 1 (வணிகவியல் ஆசிரியர், பரமக்குடி)

அன்புள்ள மாணவிக்கு, உங்கள் அப்பாவின் கேள்வி நியாயமானது. ஆனால் அவருடைய தொழிலை வைத்தே அதற்குப் பதில் சொல்லலாம். பொருள், விலை, விற்கும் இடம், விளம்பரம் என்ற நான்கையும் ஒரு வணிகர் தீர்மானிக்க வேண்டும் என்று மெக்கார்த்தி என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1960-இல் வகுத்தார். முதலாண்டுப் பாடம் பெரும்பாலும் அதிலிருந்துதான் தொடங்கும். இந்த நான்கில் உங்கள் அப்பாவின் கையில் இருப்பது முதலாவது மட்டுமே. விலையை மதுரைக் கடைக்காரர் சொல்கிறார், எந்த ஊருக்குப் போக வேண்டும் என்பதும் அவர் முடிவு, சாக்கு மூட்டைக்கு விளம்பரம் என்று ஒன்று கிடையாது.

மற்ற மூன்றையும் எப்படிக் கைக்குக் கொண்டுவருவது என்பதைத்தான் நுகர்வோர் நடத்தை, சந்தை ஆய்வு, விலை நிர்ணயம் போன்ற தாள்கள் பேசுகின்றன. மதுரையிலோ கோயம்புத்தூரிலோ அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கும் ஒரு குடும்பத்துக்குக் கருவாடு பிடித்திருந்தும் வாங்காமல் இருப்பதற்கு விலை காரணமாக இல்லாமல் இருக்கலாம். வறுத்தால் பக்கத்து வீடு வரை மணம் போகும் என்ற தயக்கமும், கழுவக் கழுவ மணல் வரும் என்ற பழைய அனுபவமும் காரணங்களாக இருக்கலாம். இந்த இரண்டில் எது உண்மை என்பதை ஐம்பது வீடுகளில் முறையாகக் கேட்டு, கிடைத்த பதில்களைப் புள்ளியியல் கொண்டு சலித்துப் பார்த்தால்தான், மணலில் காயப்போடுவதை விட்டு மேடைக்கு மாறுவதா அல்லது மணம் கசியாத உறையில் அடைப்பதா என்று முடிவெடுக்க முடியும். இரண்டுக்கும் ஆகும் செலவு வேறு வேறு. ஊகித்துச் செலவு செய்வதற்கும் கேட்டறிந்து செலவு செய்வதற்கும் உள்ள இந்த வேறுபாடுதான் படிப்பின் பயன் என்பது என் கருத்து.

சென்னை அவசியமில்லை. நம் மாவட்டத்துக் கலைக் கல்லூரிகள் அழகப்பா பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. இளங்கலை அளவில் பாடத்திட்டத்தில் பெரிய வேறுபாடு இராது. நீங்கள் ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்தவராயின், தமிழக அரசின் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் கிடைக்கும்.

பதில் 2 (கீழக்கரை வியாபாரி)

ஆசிரியர் அழகாகச் சொல்லிவிட்டார். ஆனால் ஒன்றை விட்டுவிட்டார். விலை அப்பாவின் கையில் இல்லாததற்குக் காரணம் பாடம் தெரியாதது அன்று, முன்பணம். நம் கரையில் படகுக்காரர் ஏலக்காரரிடம் வாங்குகிறார், சிறு வியாபாரி மொத்தக் கடையில் வாங்குகிறார். பணம் வாங்கிய இடத்துக்கே சரக்கும் போயாக வேண்டும், அவர்கள் சொன்னதே விலை. அதோடு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அப்போது நல்ல விலைக்கு விற்க வேண்டுமானால் முன்பே சரக்கைப் பிடித்து, ஈரம் ஏறாமல் வைத்திருக்க வேண்டும். அதற்கும் முதலீடு வேண்டும்.

பெயர் மட்டும் போதாது என்பதற்கு நம் மிளகாயே சாட்சி. இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு (இந்த வட்டாரத்துக்கே உரிய பொருள் என்ற சட்டப் பதிவு) கிடைத்தது. நல்ல பெயர், நல்ல நிறம், தடித்த தோல், எல்லாம் உண்டு. ஆனாலும் பெயர் அச்சிடாத சாக்கிலேயே கமிஷன் மண்டிக்குப் போகிற மிளகாய்க்கு அந்தக் குறியீட்டால் ஒரு ரூபாய்கூடக் கூடுவதில்லை. ஆகவே, மகளே, கணக்கைக் கற்றுக்கொள். அடக்க விலை, கடன், வட்டி, சரக்கிருப்பு ஆகியவை பி.காம்.-இல்தான் அழுத்தமாக வரும். அந்த வகையில் உன் மாமா பக்கம்தான் நான்.

பதில் 3 (தொண்டிக்காரர், இப்போது மதுரையில்)

நான் பி.பி.ஏ. முடித்துவிட்டு நுகர்பொருள் விற்பனையில் இருக்கிறேன். வேலைவாய்ப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன், தங்கச்சி. இந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு முதலில் கிடைக்கும் வேலை பெரும்பாலும் கடை கடையாக ஏறி ஆர்டர் எடுப்பதும் பாக்கி வசூலிப்பதும் மாத இலக்கைத் துரத்துவதும்தான். விளம்பர வாசகம் எழுதும் அறையில் உட்காரலாம் என்று நினைத்து வருபவர்கள் ஆறே மாதத்தில் சலித்துப்போகிறார்கள். இணைய விளம்பர வேலைகளும் உண்டு. அங்கேயும் எக்செல் தெரிந்தவருக்கே மதிப்பு. மேலே எம்.பி.ஏ. படிக்கும் எண்ணம் இருந்தால் இளங்கலை எதுவாக இருந்தாலும் தடையில்லை, தமிழ்நாட்டு நுழைவுத் தேர்வான டான்செட் எழுதலாம். மீன்வளப் பல்கலைக்கழகத்தில் மீன்வள வணிக மேலாண்மைக்கென்றே ஒரு பி.பி.ஏ. உண்டு, அதையும் விசாரித்துப் பாருங்கள். உங்கள் வீட்டுத் தொழிலுக்கு அதைவிடப் பொருத்தமான படிப்பு எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

மண்டபம் மாணவி

அனைவருக்கும் நன்றி. கீழக்கரை மாமா சொன்ன முன்பணம் எங்கள் வீட்டிலும் இருக்கிறது. அதனால்தான் அப்பா கடை மாற்றுவதில்லை என்பது இப்போதுதான் புரிகிறது. படித்துக்கொண்டே, மதுரைக்குப் போகும் சரக்கில் கொஞ்சம் நெத்திலியை மட்டும் பிரித்து 250 கிராம் பொட்டலமாக விற்றுப் பார்க்கலாமா?

பதில் 4 (வணிகவியல் ஆசிரியர், பரமக்குடி)

தாராளமாகச் செய்யலாம். முன்பணம் கொடுத்தவரிடம் அப்பா முதலில் பேசிவிடட்டும். சிறு அளவு என்றால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும். பொட்டலத்தின் மேல் எடை, விலை, அடைத்த தேதி, பதிவு எண் ஆகியவை இருக்க வேண்டும். விலை வைப்பதற்கு முன் அடக்கத்தைப் போட்டுப் பாருங்கள். ஏறத்தாழ நான்கு கிலோ பச்சை நெத்திலி காய்ந்தால் ஒரு கிலோ தேறும். பச்சை மீன் கிலோ 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒரு பொட்டலத்துக்கு மீனே 100 ரூபாய் ஆகிவிடுகிறது. உப்பு, கூலி, உறை, கூரியர், உடைந்து தூளாகும் கழிவு எல்லாம் அதற்கு மேல். பலரும் கூரியரை மறந்துவிட்டு விலை வைக்கிறார்கள்.

பட்டத்தைப் பொறுத்தவரை, கீழக்கரை நண்பர் சொன்ன கணக்கியல் பி.பி.ஏ.-விலும் உண்டு, ஆழம்தான் குறைவு. தொழிலுக்குத்தான் திரும்பி வரப்போகிறீர்கள் என்றால் பி.பி.ஏ.-வே சரி, வங்கித் தேர்வு மனத்தில் இருந்தால் பி.காம். எடுங்கள். ஒன்றைக் கவனியுங்கள்: 2024-25 கல்வியாண்டிலிருந்து கல்லூரிகள் நடத்தும் பி.பி.ஏ. படிப்பு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ.-யின் வரம்புக்குள் வந்துவிட்டது, பி.காம். வரவில்லை. எனவே சேரும் முன் ஒப்புதல் இருக்கிறதா என்று கேளுங்கள். மூன்றாம் ஆண்டு விருப்பப் பாடங்களின் பட்டியலையும் கேட்டு, சந்தை ஆய்வுத் தாளைச் சென்ற ஆண்டு யார் நடத்தினார் என்று அங்கே படிக்கும் பிள்ளைகளிடமே விசாரியுங்கள். நடத்த ஆளில்லாத பாடத்தைப் பட்டியலில் மட்டும் வைத்திருக்கும் கல்லூரிகளும் உண்டு.