ஐந்து பேர் டீமுக்குக் குபெர்னெட்டீஸ் தேவையா?

கேள்வி:
நாங்கள் ஐந்து பேர். நான்கு சர்வீஸ்கள், ஒரே சர்வரில் டாக்கர் கம்போஸில் (ஒரே சர்வரில் பல சர்வீஸ்களைச் சேர்த்து ஓட்டும் கருவி) ஓடுகின்றன. குபெர்னெட்டீஸுக்கு (சர்வீஸ்களைப் பல சர்வர்களில் தானாக ஓட்டி நிர்வகிக்கும் மென்பொருள்) மாறலாம் என்கிறார் டீம் லீட். பலன் இருக்குமா?

பதில் 1:
நாங்கள் மாறி இரண்டு வருடம் ஆகிறது. பெரிய நிம்மதி ரிலீஸ் நேரத்தில்தான். புதிய பாட் (சர்வீஸின் ஓடும் ஒரு பிரதி) ரெடினெஸ் சோதனையில், அதாவது வேலைக்குத் தயாரா என்ற சோதனையில், தேறிய பிறகே பழையது நிற்கும். இரவு 11 மணி வரை காத்திருந்து செய்ததை இப்போது மதியமே முடிக்கிறோம். ஆனால் முதல் மாதம் படாத பாடு பட்டோம். ஒரு ஜாவா சர்வீஸ் அடிக்கடி விழுந்தது. லாகில் ஒன்றுமே இல்லை. மூன்று நாள் தேடினோம். அப்புறம் அந்தப் பாட்டின் விவரத்தை டிஸ்க்ரைப் கட்டளையில் பார்த்தால் எக்ஸிட் கோட் 137! மெமரி வரம்பைத் தாண்டியதால் சிஸ்டமே அதை நிறுத்தியிருக்கிறது. மெமரி லிமிட் 512 எம்பி, ஹீப்பும் (ஜாவா தன் டேட்டாவை வைக்கும் மெமரி) அதே 512. ஹீப்புக்கு வெளியேயும் ஜாவா மெமரி எடுக்கும் என்பதை மறந்துவிட்டோம்.

பதில் 2:
ஒரே சர்வர் என்றால் அவசரம் வேண்டாம். அது படுத்துவிட்டால் பாட் போக வேறு இடமில்லையே. இன்னொன்று, ஒவ்வொரு குபெர்னெட்டீஸ் வெர்ஷனுக்கும் சுமார் 14 மாதம்தான் பராமரிப்பு. அப்கிரேடுக்கு ஆள் ஒதுக்க முடியுமா என்று லீடிடம் கேளுங்கள்.

கேட்டவர்:
சரி, நன்றி. அந்த 137 கம்போஸிலேயே எங்களுக்கும் வருகிறது. நாளைக்கே ஹீப்பைப் பார்க்கிறேன்.