கரையில் பொறுக்கிய மூட்டைகளை யார் எடுப்பது? ஊராட்சியில் எப்படிக் கேட்பது?

வடகடல் தம்பி:

எங்கள் ஊர் ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவில் இருக்கிற சின்ன மீனவக் கிராமம். போன ஐப்பசியில் வாடைக்காற்று கிளம்பியதும் கடல் வழக்கம்போல எல்லாவற்றையும் கொண்டுவந்து கரையில் தள்ளியது. அப்போதுதான் பதினைந்து பேர் சேர்ந்து ஞாயிறு காலையில் ஒரு மணி நேரம் பொறுக்கலாம் என்று இறங்கினோம். இன்று வரை ஒரு ஞாயிறும் விடவில்லை, பொங்கல் வாரத்தில்கூட நாலு பேர் வந்தார்கள். தண்ணீர் பாட்டில், செருப்பு, தெர்மாகோல், மருந்துப் புட்டி, எல்லாவற்றையும் விட அதிகமாக அறுந்த வலை.

பிரச்சினை அதற்கு அப்புறம்தான். மூட்டைகளை ஏலக்கூடத்துக்குப் பின்னால் பனைமரத்தடியில் அடுக்குவோம். முதல் மாதம் ஊராட்சியின் பேட்டரி வண்டி வந்து எடுத்தது. அப்புறம் வண்டி ரிப்பேர் என்றார்கள், ஆள் இல்லை என்றார்கள், இது வீட்டுக் குப்பை கிடையாது, எங்கள் கணக்கில் வராது என்றும் ஒருமுறை சொன்னார்கள். மாசிக்குள் 37 மூட்டை சேர்ந்துவிட்டது. நாய்கள் கிழித்துப் பாதி மறுபடி கடலுக்கே போனது, மிச்சத்துக்கு ஒரு ராத்திரி யாரோ தீ வைத்துவிட்டார்கள். காலையில் போய்ப் பார்த்தால் வலையெல்லாம் உருகி மணலோடு சேர்ந்து கறுப்புக் கட்டி கட்டியாகக் கிடக்கிறது, ஒரு கட்டிக்குள் பிள்ளைச் செருப்பின் சிவப்பு வார் மட்டும் வேகாமல் நீட்டிக்கொண்டிருந்தது. எங்களோடு வருகிற எட்டாம் வகுப்புப் பிள்ளை அதைக் கையில் எடுத்து, "அண்ணே, இதை எந்த மூட்டையில போடுறது?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

இதற்கு நடுவில் ஊராட்சி வாட்ஸ்அப் குழுவில் "கடற்கரைத் தூய்மைப் பணி நடைபெற்றது" என்று எங்கள் படத்தைப் போட்டிருந்தார்கள். போடட்டும், சந்தோஷம்தான். ஆனால் கரைக் குப்பைக்கு ஏதாவது திட்டம் இருக்கிறதா, பணம் ஒதுக்கியிருக்கிறார்களா, போன வருஷம் நட்ட அலையாத்தி (கடலோரச் சேற்றில் வளர்கிற மரம்) கன்றுகள் என்ன ஆயின, ஒன்றுக்கும் தகவல் இல்லை. யாரிடம் எப்படிக் கேட்டால் பதில் வரும்? சண்டை போட விருப்பமில்லை, எல்லாரும் தெரிந்த முகங்கள்.

ஊருணிக்கரை:

தம்பி, அந்த ஞாயிற்றுக்கிழமையை மட்டும் விட்டுவிடாதீர்கள். முதுகுளத்தூர் பக்கம் எங்கள் ஊரில் ஊருணிக்கரையில் சீமைக்கருவேலம் வெட்டினபோது இதே பாடுதான் பட்டோம். வாயால் கேட்ட வரைக்கும் "பார்க்கலாம்" என்ற ஒரே பதில். 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு நம் மாவட்டத்தில் ஊராட்சித் தலைவர், உறுப்பினர் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் பொறுப்பில் வந்த பிறகு இன்னும் சிரமம், ஒரு அதிகாரி எத்தனை ஊரைத்தான் பார்ப்பார்? அதனால் எதையும் தாளில் கொடுங்கள்.

வருஷத்துக்கு 6 கிராம சபை இருக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஆகஸ்ட் 15 பக்கத்தில் வருகிறது, முன்கூட்டியே மனு கொடுத்துவிடுங்கள். தீர்மானம் ஒரு வரி போதும்: "கடற்கரையில் தன்னார்வலர்கள் சேகரிக்கும் கழிவை வாரந்தோறும் திங்கட்கிழமை ஊராட்சி வண்டி எடுத்துச் செல்ல வேண்டும்." நீட்டி முழக்கி எழுதினால் "பரிசீலிக்கப்படும்" என்று முடித்துவிடுவார்கள். கிழமையைப் போட்டுவிட்டால் செவ்வாய்க்கிழமை போய் நின்று கேட்கலாம். தீர்மானம் புத்தகத்தில் ஏறிய பிறகு கையெழுத்துப் போடுங்கள், வெறும் பக்கத்தில் போடாதீர்கள். எங்கள் ஊரில் அப்படிப் போட்டுவிட்டு, நாங்கள் கேட்ட தீர்மானம் அதில் வரவே இல்லை. போனில் ஒரு படமும் எடுத்து வையுங்கள்.

பணம் என்று கேட்டால், 2021-22 முதல் 2025-26 வரை வந்த 15ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டுமே செலவழிக்க வேண்டும் என்று இருந்தது. அது எதில் போனது என்று கேட்கலாம். கிராம சபையில் வரவு செலவு கணக்கை வைப்பார்கள், படிவம் 30 என்பார்கள், அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஒன்றிய அரசின் இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்திலும் ஊராட்சி வாரியாகத் திட்டமும் செலவும் இருக்கிறது. எதுவும் நடக்கவில்லை என்றால் தகவல் உரிமை மனு, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பினால் 30 நாளில் பதில் தர வேண்டும். நான் அதைக் கடைசியாகத்தான் எடுப்பேன், நீங்கள் சொன்ன அதே காரணம்தான்.

நண்டுவலை அக்கா:

எங்கள் வீட்டில் நண்டு வலைதான் பிழைப்பு. சொல்லவே கஷ்டமாக இருக்கிறது, நீங்கள் பொறுக்குகிற வலையில் பாதி எங்கள் கை அறுத்துப் போட்டது. தங்கூசி என்கிற மெல்லிய நைலான் இழையில் நண்டு சுற்றிக்கொண்டு வரும், கால் உடையாமல் கழட்டினால்தான் விலை, பொறுமையாகப் பிரிக்க நேரம் ஏது? கத்தியால் அறுத்துக் காலடியில் போட்டுவிடுவோம், காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். போன வருஷம் என் மாமனார் கரையில் கிடந்த ஒரு நுனியைப் பிடித்து இழுத்தார், மணலுக்குள் இருந்து வந்துகொண்டே இருந்தது, உள்ளே முழுக்க வெறும் நண்டு ஓடு. யாருக்கும் உதவாமல் அந்த வலை எத்தனை நாள் பிடித்துக்கொண்டே கிடந்ததோ! ஆவுளியாவும், அதான் கடற்பசு, இதில் மாட்டும். வடக்கே தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரைக்கு 2022இல் 448 சதுர கிலோமீட்டரில் கடற்பசுப் பாதுகாப்பகம் அறிவித்தார்கள், நல்லது, ஆனால் ஆவுளியா அந்தக் கோட்டோடு நின்றா மேயும்? நம் கடலிலும்தானே வருகிறது.

இப்போது நண்டு கழட்டுகிற கொட்டகையில் பழைய ஐஸ் பெட்டி ஒன்று வைத்திருக்கிறோம். அறுத்த துண்டு நேரே அதற்குள் போகும். கயிறையும் தடித்த நைலானையும் பழைய சாமான் கடைக்காரர் எடுத்துக்கொள்கிறார், தங்கூசியைத் தொடமாட்டேன் என்கிறார். சென்னை காசிமேட்டில் அரசாங்கமே பழைய வலையை எடை போட்டு வாங்குகிற மையம் வைத்திருக்கிறது. அப்படி ஒன்று நம் கரைக்கும் வேண்டும் என்று அதே கிராம சபையில் கேளுங்கள். பெண்களை முன்வரிசையில் உட்கார வையுங்கள், வலையை அறுக்கிறது நாங்கள், கேட்கிறதும் நாங்களாக இருந்தால் மறுக்கமாட்டார்கள்.

சுரபுன்னை:

கன்றுகளைப் பற்றிக் கேட்டீர்களே, அதற்கு மட்டும் சொல்கிறேன். திடலில் வரிசையாக நட்டுப் போர்டு வைத்தால் அலையாத்தி பிழைக்காது, ஓதத் தண்ணீர் ஏறி இறங்க வேண்டும். அதனால்தான் மீன்முள் மாதிரி நடுவில் ஒரு வாய்க்கால், இரண்டு பக்கமும் சாய்வாகக் கிளை வாய்க்கால் வெட்டி அதன் சரிவில் நடுகிறார்கள். வாய்க்காலின் வாய் தூர்ந்துபோனால் உள்ளே தண்ணீர் ஏறாது, உப்பு பூத்துக் கன்று கருகும். நம் மாவட்டத்துக் காரங்காட்டில் ஊர்க்காரர்களே படகில் கூட்டிப்போய் அலையாத்திக் காட்டைக் காட்டுகிறார்கள், பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள். சேற்றில் இருந்து பென்சில் பென்சிலாக வேர் நிமிர்ந்து நிற்கும், மரம் மூச்சு விடுவது அதில்தான். அதில் ஒரு பிளாஸ்டிக் பை மூடினால் எப்படி இருக்கும் என்று அவர்களே புரிந்துகொள்வார்கள். கிராம சபையில் எத்தனை நட்டீர்கள் என்று கேட்காதீர்கள். எத்தனை உயிரோடு இருக்கிறது, வாய்க்காலை யார் தூர்வாருவது என்று கேளுங்கள்.

வடகடல் தம்பி:

எல்லாருக்கும் நன்றி. இந்த ஞாயிறு ஏலக்கூடத்தில் தராசு வாங்கி எடை போட்டோம்: 9 மூட்டை, 112 கிலோ, அதில் வலை மட்டும் 46 கிலோ. அந்த எட்டாம் வகுப்புப் பிள்ளைதான் நோட்டில் எழுதினாள், இனிமேல் வாராவாரம் அவள் கணக்கு. அப்புறம் தண்ணீர் வற்றின நேரத்தில் போய்க் கன்றுகளையும் எண்ணினோம். 214 குச்சி நிற்கிறது, பச்சை இலை இருப்பது 31. சுரபுன்னை சொன்னது சரிதான், வாய்க்காலின் வாய் முழுக்க மணல் மூடிக் கிடக்கிறது. மனுவில் எடைக் கணக்கையும் இந்த எண்ணிக்கையையும் சேர்த்து எழுதிவிட்டோம், நாளைக்குக் கொடுக்கிறோம். அக்கா, அந்த ஐஸ் பெட்டியை நாய் இழுக்காமல் எப்படி வைத்திருக்கிறீர்கள்?

நண்டுவலை அக்கா:

மூடி உடைந்த பெட்டிதான் தம்பி. மேலே ஒரு பலகை, பலகை மேல் பழைய நங்கூரக் கல். ஒரு நாள் வந்து பாருங்கள், கையோடு ஒரு பெட்டியும் எடுத்துப் போகலாம், இங்கே இன்னும் ரெண்டு சும்மா கிடக்கிறது.