விடுதலையானது ஆளா, பெட்டியா?

கல்வெட்டுப்பித்தன்:
"யாக்கோபின் எலும்புப் பெட்டி அசல் என்று 2012-இல் இஸ்ரேல் நீதிமன்றமே சொல்லிவிட்டது, ஆய்வாளர்கள் இனி வாயை மூடலாம்" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். இயேசுவின் சகோதரன் யாக்கோபின் எலும்புகளை வைத்ததாகச் சொல்லப்படும் கல்பெட்டி அது. படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. பெட்டியில் எழுத்தைப் போலியாக வெட்டியதாகக் குற்றம் சாட்டப்பட்ட பழம்பொருள் சேகரிப்பாளர் ஓடெட் கோலானைத்தான் நீதிபதி விடுவித்தார். அதனால் அந்த எழுத்து அசல் என்று ஆகிவிடாது என்றும் அதே தீர்ப்பில் எழுதினார். விடுதலையானது ஆள், பெட்டி இல்லை.

சாலமோன்77:
அந்த "ஒருவர்" நான்தான், பெயரைச் சொல்லியே எழுதலாமே சார். இத்தனை வருஷம் வழக்கு நடத்தியும் போலி என்று நிரூபிக்க முடியவில்லை. "யோசேப்பின் மகன் யாக்கோபு, இயேசுவின் சகோதரன்" என்று அரமேயத்தில் தெளிவாக வெட்டியிருக்கிறது. வாசித்தவர் பிரெஞ்சுக் கல்வெட்டு அறிஞர் ஆந்த்ரே லெமேர், சாதாரண ஆள் இல்லை. வேறென்ன வேண்டும்?

கல்வெட்டுப்பித்தன்:
எந்தக் கல்லறையிலிருந்து வந்தது என்று வேண்டும். அது தெரியாத பொருளை நாம் படித்து வெளியிடவே கூடாது. 1978-க்கு முன்பே கடையில் வாங்கினேன் என்கிறார் கோலான். இஸ்ரேலின் அந்த வருஷச் சட்டப்படி, அதற்குப் பிறகு கிடைக்கும் தொல்பொருள் அரசுக்குச் சொந்தம் என்பது நினைவிருக்கட்டும்.

1990-இல் எருசலேமில் முறையாகத் தோண்டிய, இயேசு காலத்துத் தலைமைக் குரு காய்பாவின் குடும்பத்தினுடையது என்று கருதப்படும் கல்லறையைப் பாருங்கள். அங்கே 12 பெட்டிகள். ஒரு மண்டையோட்டுக்குள் முதல் நூற்றாண்டு யூத அரசன் ஏரோது அகிரிப்பாவின் செப்புக்காசு கிடந்தது. எந்தப் பெட்டி, எந்த மண்டை என்று குறித்து வைத்ததால்தான் அந்த ஒரு காசு காலத்தையும் அடக்கமுறையையும் பேசுகிறது. அதே காசு கடை மேசையில் கிடந்தால் வெறும் காசு.

மரியம்_நூலகம்:
அப்படியானால் சாக்கடல் அருகே குகையில் கிடைத்த பழைய யூதச் சுவடிகளான சாக்கடல் சுருள்களையும் தூக்கிப் போடலாமா அண்ணா? 1947-இல் கண்டெடுத்தவர்கள் ஆடு மேய்த்த பெதூயின் நாடோடிகள். கைமாறியது பெத்லகேம் வியாபாரியிடம்.

கல்வெட்டுப்பித்தன்:
1949-இல் அதே குகையைத் தோண்டியபோது அதே சுருள்களின் துணுக்குகள் மண்ணிலிருந்து வந்தன தங்கச்சி. வாஷிங்டன் பைபிள் அருங்காட்சியகம் சாக்கடல் சுருள் என்று சந்தையில் வாங்கி வைத்திருந்த 16 துணுக்குகளும் போலி என்று 2020-இல் அவர்களே அறிவித்தார்கள். இடம் தெரியாத சரக்கை நம்பினால் இதுதான் கதி.

சாலமோன்77:
துணுக்கு வேறு, பெட்டி வேறு. நீதிமன்றம் விடுதலை செய்தது. அதற்குப் பதில் சொல்லுங்கள்.

கல்வெட்டுப்பித்தன்:
சொல்லியாயிற்று. ஆளைத்தான் விடுவித்தது.

சாலமோன்77:
இயேசுவின் உடலைச் சுற்றியதாகச் சொல்லப்படும் தூரின் துணி பற்றிய விவாதத்திலும் இப்படித்தான் மட்டம் தட்டினீர்கள். நான் மறக்கவில்லை.

கல்வெட்டுப்பித்தன்:
அந்தத் துணி இடைக்காலத்தது என்று காட்டிய 1988 கரிமச் சோதனையை ஒரே வரியில் தள்ளினீர்களே, அதை நானும் மறக்கவில்லை.

மரியம்_நூலகம்:
துணியை விடுங்கள் இரண்டு பேரும். போலியாகவே இருந்தாலும் படிக்காமல் எப்படித் தெரியும்? வெளியிடவே கூடாது என்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

கல்வெட்டுப்பித்தன்:
நாம் படித்து வெளியிட்டால் விலை ஏறும், விலை ஏறினால் இன்னொரு கல்லறையைக் கொள்ளையடிப்பான். காவல்துறை கைப்பற்றியபோது இந்தப் பெட்டி எங்கே இருந்தது? மொட்டைமாடிக் கழிப்பறையின் பீங்கான் தொட்டி மேல். இயேசுவின் தம்பி எலும்பு வைத்த பெட்டி என்று உலகமெல்லாம் பேசிய பொருள்! மனசு ஆறவில்லை எனக்கு.

சாலமோன்77:
எங்கே வைத்திருந்தால் என்ன, எழுத்து மாறிவிடுமா? விடுதலை விடுதலைதான்.

கல்வெட்டுப்பித்தன்:
தீர்ப்பை முழுசாகப் படித்துவிட்டு வாருங்கள்.

சாலமோன்77:
நீங்கள் முதலில் படியுங்கள்.