புதுப்பிப்பு: பழைய மஸ்டாங் பேஸுக்குக் கம்பி அமைந்துவிட்டது
போன மாதம் என் 70களின் ஃபெண்டர் மஸ்டாங் பேஸ் கிட்டாருக்கு எந்தக் கம்பி வாங்கலாம் என்று கேட்டிருந்தேனே, அதன் தொடர்ச்சி இது.

ஸ்கேல் (கம்பி அதிரும் நீளம்) 30 அங்குலம்தானே என்று, அந்த நீளத்துக்கான ஷார்ட் ஸ்கேல் செட் வாங்கியது என் அவசரம். இதில் கம்பி உடலின் பின்பக்கத்திலிருந்து துளை வழியே ஏறி வருகிறது. கூடுதல் நீளம் வேண்டும். தடித்த ஈ கம்பி நட்டுக்கு (கழுத்தின் தலைப்பக்க முனையில் கம்பிகள் உட்காரும் பள்ளக் கட்டைக்கு) முன்பே மெலிந்து, நூல் சுற்றிய பகுதி நட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டது. சத்தம் செத்துப்போனது.

அப்புறம்தான் கம்பியின் அடியில் உள்ள குண்டு முனை உட்காரும் இடத்திலிருந்து நட்டு வரை டேப் வைத்து அளந்தேன்: 32 அங்குலத்துக்கும் மேல்! அதைவிட நீளமான மீடியம் ஸ்கேல் செட்டில் ஃபிளாட்வவுண்ட் (தட்டை இழை சுற்றிய வழவழப்பான கம்பி), 45–105 தடிமன் (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) கட்டினேன். கழுத்து லேசாக வளைந்தது. கழுத்துக்குள் இருக்கும் ட்ரஸ் ராட் என்ற உலோகத் தண்டைக் கால் சுற்று இறுக்கியதும் சரி. உருண்டை இழை சுற்றிய ரவுண்ட்வவுண்டின் கணீர் இல்லைதான், எனக்கு அது வேண்டவும் இல்லை. பழைய செட்டைத் தம்பி எடுத்துக்கொண்டான்.