எல்டாப்பில் ‘பைண்ட்’: பிணைப்பா, ஆளேற்பா?

வணக்கம்.

எல்டாப் என்பது பயனர் கணக்குகளை வைத்திருக்கும் அடைவு வழங்கியோடு (சர்வரோடு) பேசும் நெறிமுறை. அதன் கருவிகளின் செய்திகளைத் தமிழாக்கும்போது, ‘நான் இன்னார்’ என்று வழங்கியிடம் சொல்லி நிறுவும் ‘பைண்ட்’ என்ற கோரிக்கையைப் ‘பிணைப்பு’ என்றே எழுதி வருகிறோம். இதை மாற்றியாக வேண்டும். சொல் அழகாக இல்லை என்பதற்காகச் சொல்லவில்லை. பழுது பார்ப்பவரை இந்தச் சொல் தவறான இடத்துக்கு அனுப்புகிறது.

இரண்டு செய்திகளை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள்.

இணைப்பு தோல்வி (-1)
பிணைப்பு தோல்வி (49)

ஓரெழுத்துதான் வேறுபாடு. முதலாவது வந்தால் வழங்கி ஓடுகிறதா, 389 அல்லது 636 போர்ட் திறந்திருக்கிறதா, நடுவில் தீச்சுவர் மறிக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டாவது வந்தால் அங்கெல்லாம் போகவே தேவையில்லை. கோரிக்கை வழங்கிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, மறுமொழியும் திரும்பி வந்துவிட்டது. ‘நீ சொல்லும் ஆள் நீதான் என்று நான் ஏற்கவில்லை’ என்பதே அந்த மறுமொழி. பயனர்கள் யாருமே உள்ளே நுழைய முடியாமல் நிற்கும் நேரத்தில், திரையைப் பார்க்கும் நிர்வாகிக்கு இந்த வேறுபாடு ஒரே பார்வையில் பிடிபட வேண்டும்.

என் பரிந்துரை: ஆளேற்பு. ஆள் + ஏற்பு. ‘ஆளேற்பு மறுக்கப்பட்டது (49)’ என்று படித்தால் யாரும் கம்பியைப் பிடுங்கிச் செருகிப் பார்க்கமாட்டார்கள்.

*

> ஓரெழுத்துதான் வேறுபாடு.

இது சரியான கவலைதான். ஆனால் ‘பிணைப்பு’ ஏற்கெனவே பல இடங்களில் வேரூன்றிய சொல். விசைப்பிணைப்பு என்கிறோம், தரவுப் பிணைப்பு என்கிறோம். நிரல் ஒன்று ஒரு போர்ட்டைத் தனக்கென எடுத்துக்கொள்வதும் பிணைப்புதான். மூலத்தில் ஒரே சொல்லாக இருப்பதைத் தமிழில் இரண்டாகப் பிரித்தால், ஆவணத்தையும் செய்தியையும் ஒப்பிட்டுப் படிப்பவர் குழம்பமாட்டாரா? மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால், எல்லாருக்கும் தெரிந்த ‘உள்நுழைவு’ போதாதா?

*

உள்நுழைவு போதாது. ஒரு பயனர் ஒருமுறை உள்நுழையும்போது அடியில் குறைந்தது இரண்டு பைண்ட் நடக்கிறது. பணிக்கணக்கின் (செயலி தனக்கென வைத்திருக்கும் கணக்கின்) பெயரில் ஒன்று. அந்த உரிமையோடு பயனரின் பதிவு அடைவு மரத்தில் எங்கே இருக்கிறது என்று தேடல். கண்டுபிடித்த முழு மரப்பெயரையும் பயனர் தட்டிய கடவுச்சொல்லையும் வைத்து இன்னொன்று. இந்த மூன்று படிகளில் எது உடைந்தது என்பதுதான் பழுதறிதலின் முதல் கேள்வி. முதலாவதையும் மூன்றாவதையும் ‘உள்நுழைவு தோல்வி’ என்றே எழுதினால் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காது.

பணிக்கணக்கின் கடவுச்சொல் காலாவதியானால் என்ன ஆகிறது என்று பாருங்கள். தேடலே நடக்காது. அதனால் பயனருக்கு ‘கடவுச்சொல் தவறு’ என்று வராமல், ‘அப்படி ஒரு பயனர் இல்லை’ என்று வரும். எஸ்எஸ்எஸ்டி (லினக்ஸ் உள்நுழைவை அடைவோடு சேர்க்கும் சேவை) நிறுவிய கணினிகளில் கடவுச்சொல்லைத் தேக்கிவைக்கும் அமைப்பு இயக்கத்தில் இருந்தால், முன்பு நுழைந்தவர்கள் தேக்கத்தின் துணையால் தொடர்ந்து நுழைவார்கள். புதியவர்கள் மட்டும் வெளியே நிற்பார்கள். பாதிப் பேருக்கு வேலை செய்வதால் வழங்கியின் மேல் ஐயம் எழாது. பதிவுக்கோப்பில் ‘பணிக்கணக்கின் ஆளேற்பு மறுக்கப்பட்டது’ என்று ஒரு வரி இருந்தால் முடிச்சு அங்கேயே அவிழும்.

மூலச்சொல்லை இரண்டாகப் பிரிப்பது பற்றி: மூலத்திலேயே அது ஒரே பொருளில் நிற்கவில்லை. எல்டாப்புக்கு முன்னோடியாக 1988-இல் வந்த எக்ஸ்.500 அடைவுத் தரத்தில் பைண்ட் என்பது இரு முனைகளுக்கும் இடையே தொடர்பை நிறுவும் செயல். அங்கே பிணைப்பு பொருந்தும். எல்டாப் இரண்டாம் பதிப்பிலும் முதல் கோரிக்கை பைண்டாகத்தான் இருக்க வேண்டும். 1997-இல் வந்த மூன்றாம் பதிப்பு அந்தக் கட்டாயத்தை நீக்கிவிட்டது. பைண்டே செய்யாமல் தேடலாம், அப்போது பெயரிலியாக நடத்தப்படுவீர்கள். ஒரே இணைப்பில் நான்கு முறை வேண்டுமானாலும் பைண்ட் செய்து ஆளை மாற்றலாம். இணைப்பு அப்படியே இருக்கிறது, அதில் பேசும் ஆள் யார் என்பது மட்டுமே மாறுகிறது. ஆக, பெயர் பழையது, பொருள் புதியது. தமிழில் இப்போதுதான் பெயர் வைக்கிறோம் என்பதால் பொருளைப் பார்த்தே வைக்கலாம். போர்ட்டுக்குப் ‘பிணைப்பு’ அப்படியே இருக்கட்டும்.

*

ஆளேற்பை ஆதரிக்கிறேன். ஆனால் முதல் மடலில் ஒரு திருத்தம். -1 வந்தாலே வலையமைப்புக் கோளாறு என்று முடிவு கட்டக் கூடாது. 636 போர்ட்டில் வழங்கியின் சான்றிதழைக் கிளையண்ட் நம்பாவிட்டாலும் ஓப்பன்எல்டாப் (திறமூல எல்டாப் தொகுப்பு) கருவிகள் ‘வழங்கியைத் தொடர்புகொள்ள முடியவில்லை’ என்ற அதே -1 செய்தியைத்தான் காட்டுகின்றன. சான்றிதழ் காலாவதி, அதைக் கையொப்பமிட்டுத் தந்த அமைப்பின் சான்றிதழ் கிளையண்டில் இல்லாமை, நீங்கள் கொடுத்த வழங்கிப் பெயர் சான்றிதழின் மாற்றுப்பெயர்ப் பட்டியலில் இல்லாமை ஆகிய மூன்றுமே இப்படி முடியலாம். ஓப்பன்எஸ்எஸ்எல்லின் எஸ்-கிளையண்ட் கட்டளையால் 636-ஐத் தொட்டுப் பாருங்கள். சான்றிதழ் வந்து விழுந்தால் வலையமைப்பு நன்றாக இருக்கிறது, சிக்கல் நம்பிக்கைச் சங்கிலியில்.

அதற்கு அடுத்த சோதனை எல்டாப்-ஹூ-ஆம்-ஐ கட்டளை. எளிய முறைக்கு சிறிய எக்ஸ், பெயருக்குப் பெரிய டி, கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கப் பெரிய டபிள்யூ, வழங்கி முகவரிக்குப் பெரிய ஹெச். தேடல், வடிகட்டி, அணுகுவிதி எதையும் கலக்காமல் ஆளேற்பை மட்டும் தனியே சோதிக்க இதைவிட நல்ல வழி இல்லை. கடவுச்சொல்லைக் கோப்பிலிருந்து படிக்கச் சிறிய ஒய் பயன்படுத்துவோர் கவனிக்கவும்: கோப்பில் இருப்பதெல்லாம் கடவுச்சொல்லாகவே எடுத்துக்கொள்ளப்படும். எக்கோ கட்டளையால் உருவாக்கிய கோப்பின் கடைசியில் ஒரு புதுவரிக் குறி ஒட்டிக்கொள்ளும், சரியான கடவுச்சொல்லுக்கும் 49 வரும். பிரின்ட்எஃப் கொண்டு எழுதினால் தீர்ந்தது.

இன்னொரு வேண்டுகோள். 49-ஐ ‘கடவுச்சொல் தவறு’ என்று மொழிபெயர்த்திருக்கும் சரங்களைத் திருத்த வேண்டும். பெயரே மரத்தில் இல்லாவிட்டாலும் ஓப்பன்எல்டாப் 49 தான் தரும். எந்தப் பெயர் உண்டு, எது இல்லை என்று வெளியாள் துழாவிப் பார்க்கக் கூடாது என்பதற்காகவே அப்படி. கடவுச்சொல் கொள்கையால் பூட்டப்பட்ட கணக்குக்கும் இயல்பாக 49 தான். அங்கே கடவுச்சொல்லை எத்தனை முறை மாற்றித் தட்டினாலும் பயனில்லை. அடைவில் அந்தக் கணக்கின் பதிவிலுள்ள ‘பூட்டிய நேரம்’ என்ற செயற்பண்பைக் (வழங்கியே தன் தேவைக்கு வைத்திருக்கும் பண்பைக்) கேட்டுப் பார்க்க வேண்டும். செயற்பண்புகள் வழக்கமான தேடலில் வராது, கூட்டல் குறியிட்டுத் தனியே கேட்க வேண்டும். அந்தப் பண்பு இருந்தால் நிர்வாகி அதை நீக்க வேண்டும்.

மைக்ரோசாஃப்டின் அடைவு வழங்கியான ஆக்டிவ் டைரக்டரி இதில் சற்றுத் தாராளம். 49-உடன் ஓர் உட்குறியையும் தருகிறது: 525 என்றால் பெயர் இல்லை, 52e என்றால் கடவுச்சொல் தவறு, 532 கடவுச்சொல் காலாவதி, 533 கணக்கு முடக்கம், 701 கணக்கின் காலம் முடிந்தது, 773 கடவுச்சொல்லை முதலில் மாற்ற வேண்டும், 775 கணக்குப் பூட்டு. தமிழ்ச் செய்தியில் இந்த உட்குறியை வெட்டிவிடாமல் அப்படியே காட்டுவது மிக முக்கியம்.

*

எனக்கு இரண்டு தடைகள் தெரிகின்றன.

ஒன்று, ‘பெயரிலி ஆளேற்பு’. ஆளே இல்லாதபோது எதை ஏற்பது?

இரண்டு, கணினியும் அச்சுப்பொறியும் அஞ்சல் வழங்கியும்கூடப் பைண்ட் செய்கின்றன. அவை ஆளா? ‘அடையாள ஏற்பு’ என்றால் இரண்டுமே தீருமே.

*

‘அடையாள ஏற்பு’ பொருளில் குறையில்லாத சொல். ஆனால் செய்திகளில் அது தனியே வராது. அடையாள ஏற்புக் கோரிக்கை, அடையாள ஏற்புக் கணக்கு, மறு அடையாள ஏற்பு என்று நீளும்போது கண் தடுக்கும். ‘ஆள்’ என்பதைத் தமிழில் ‘இன்னார் சார்பில் வந்தவர்’ என்ற பொருளிலும் வழங்குகிறோம். ‘அவர் அனுப்பிய ஆள்’ என்பது போல. அஞ்சல் வழங்கிக்கென ஒரு பணிக்கணக்கு வைப்பதும் அதே ஏற்பாடுதான்.

பெயரிலி பற்றி: அங்கேயும் வழங்கி ஒரு முடிவு எடுக்கிறது. பெயர் சொல்லாதவரை ஏற்கலாமா என்பதே அந்த முடிவு. ஓப்பன்எல்டாப்பில் பெயரிலியைத் தடைசெய்தால் 48 வருகிறது. ‘பெயரிலி ஆளேற்புக்கு அனுமதி இல்லை’ என்பது நேராகவே ஒலிக்கிறது.

பெயரிலியைவிட ஆபத்தான இன்னொரு வகைக்கும் பெயர் வேண்டும். பெயரைக் கொடுத்துவிட்டுக் கடவுச்சொல்லை வெறுமையாக விடுவது. நெறிமுறைப்படி வழங்கி இதை 53 கொடுத்துத் தள்ள வேண்டும், ஓப்பன்எல்டாப் அப்படித்தான் செய்கிறது. ஆனால் இதைப் பெயரிலியாகக் கருதி ‘வெற்றி’ என்று 0 அனுப்பும் வழங்கிகள் உண்டு. செயலி அந்த 0-வைப் பார்த்து, கடவுச்சொல் சரிபார்க்கப்பட்டது என்று நம்பிப் பயனரை உள்ளே விட்டுவிடும். செயலி எழுதுவோர் வெறுமையான கடவுச்சொல்லை வழங்கிக்கு அனுப்புவதற்கு முன்பே மறுத்துவிட வேண்டும். இதற்கு ‘வெற்றுக் கடவுச்சொல் ஆளேற்பு’ என்று விரித்தே எழுதுவோம். ஆபத்து பெயரிலேயே தெரியட்டும்.

‘அன்பைண்ட்’ என்பதை ‘ஆளேற்பு நீக்கம்’ என்று யாரும் எழுதிவிடக் கூடாது. அது பைண்டுக்கு எதிர்ச்செயல் அல்ல என்று நெறிமுறை ஆவணமே சொல்கிறது. அது வந்ததும் இணைப்பு மூடப்படும், வழங்கி மறுமொழி எதுவும் அனுப்பாது. ‘விடைபெறல்’ முதலில் மனத்தில் வந்தது. விடையே வராத செயலுக்கு அந்தச் சொல் இடறும். ‘விலகல்’ போதும்.

*

தடைகளைத் திரும்பப் பெறுகிறேன். பதிவுக்கோப்பில் ஒரு முழு இணைப்பை எழுதிப் பார்த்தேன், சொற்கள் ஒன்றோடொன்று முட்டாமல் வருகின்றன.

இணைப்பு 1005: வந்தது
இணைப்பு 1005, செயல் 0: ஆளேற்புக் கோரிக்கை, முறை 128
இணைப்பு 1005, செயல் 0: ஆளேற்பு மறுப்பு, பிழை 49
இணைப்பு 1005, செயல் 1: விலகல்
இணைப்பு 1005: மூடப்பட்டது

முறை 128 எளிய முறை (பெயரும் கடவுச்சொல்லும்), 163 சாஸல் முறை (வேறு சான்றுறுதி வழிகளைச் சேர்க்கும் சட்டகம்). முதல் வரியில் மூலம் ‘ஏற்கப்பட்டது’ என்னும் பொருளில் இருக்கிறது. அதைத் தமிழில் ‘வந்தது’ என்றே எழுத வேண்டும், இல்லையேல் ‘ஏற்பு’ இரண்டு வரிகளில் இரண்டு பொருளில் நிற்கும்.

‘மறு ஆளேற்பு’ ஓரிடத்தில் கட்டாயம் தேவை. வழங்கி ‘இந்தக் கிளை என்னிடம் இல்லை, அந்த வழங்கியைக் கேள்’ என்று கைகாட்டும்போது, கிளையண்ட் நூலகம் இயல்பாகப் பெயரிலியாகவே அங்கே போகிறது. ஆக்டிவ் டைரக்டரியில் அப்போது வருவது 49 அல்ல, பிழை 1. அதற்கு நான் எழுதிய சரம்: ‘கைகாட்டிய வழங்கியில் மறு ஆளேற்பு நடக்கவில்லை. அங்கே செல்லுபடியாகும் கணக்கைக் கொடுங்கள், அல்லது கைகாட்டலைப் பின்தொடர்வதை நிறுத்துங்கள்.’