பேசின் குழாயில் சொட்டு நிற்கவில்லை, வழி சொல்லுங்கள்

குளியலறையில் பழைய வாஷ்பேசினைக் கழற்றிவிட்டு, அடியில் அலமாரி வைத்த புதிய பேசினை நானே மாட்டிக்கொண்டிருக்கிறேன். அலமாரியைச் சுவரில் பொருத்தியது, மட்டம் பார்த்தது எல்லாம் சரி. தகராறு குழாயில்தான். ஆங்கிள் வால்வைத் திறந்தால் கனெக்‌ஷன் பைப்பின் நட்டு ஓரத்தில் நிமிடத்துக்கு நாலைந்து சொட்டு. டெஃப்ளான் டேப்பைப் பத்துச் சுற்று சுற்றியும் நிற்கவில்லை. உள்ளே ரப்பர் வாஷர் இருக்கிற நட்டுக்கு டேப்பே வேண்டாம், டேப் தடித்தால் வாஷர் சரியாக உட்காராது என்கிறார் ஒரு நண்பர். இன்னும் முறுக்கலாம், ஆனால் வாஷர் நசுங்கிவிடுமோ என்று பயம்.

அப்புறம், குழாயை அடியிலிருந்து பிடிக்கும் நட்டு. சுவருக்கும் பேசினுக்கும் நடுவில் ஸ்பானர் நுழையவே இல்லை, கையால் முடிந்தவரை முறுக்கியும் குழாய் ஆடுகிறது. (அலமாரிக்குள் தலையை விட்டு மல்லாந்து படுத்ததில் கழுத்து பிடித்துக்கொண்டது தனிக் கதை.) நீளக் கம்பி வைத்த பேசின் ரெஞ்ச் வாங்கினால் வேலை ஆகுமா, இல்லை பேசினையே இறக்கி, குழாயை மாட்டிவிட்டுத்தான் திரும்ப ஏற்ற வேண்டுமா? சுற்றி சிலிகான் போட்டுவிட்டேன், அதனால்தான் தயக்கம். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள், அதுவரை வால்வை மூடி வைத்திருக்கிறேன்.