புதுப்பிப்பு: கொடைக்கானலுக்குத் தனியாகப் போய் வந்தேன்

'தன்பாலீர்ப்புள்ள ஆண் நான், காரில் தனியாகக் கொடைக்கானல் போகிறேன், இரவில் என்ன இருக்கும்?' என்று இங்கே கேட்டிருந்தேன். போய் வந்துவிட்டேன்.

மலைக்கு வண்டியில் போக இணையத்தில் வாங்கும் அனுமதியான இ-பாஸை முன்பே எடுத்துவிடுங்கள். வத்தலக்குண்டு வழியாக ஏறினேன். தூண் பாறையை மஞ்சு மூடியிருந்தது. பூம்பாறையின் பூண்டு வயல்கள்தான் மனதில் நிற்கின்றன.

நம்மைப் போன்றவர்கள் இரவில் கூடும் இடம் எதுவும் என் கண்ணில் படவில்லை. ஏரிக்கரையில் சூடான டீ, அப்புறம் குளிர். தங்கிய வீட்டு அம்மா, "கல்யாணம் ஆகலையாப்பா?" என்றார். "இல்லைம்மா" என்றேன், அதோடு விட்டுவிட்டார்.

குறிஞ்சி ஆண்டவர் கோயிலில் நெடுநேரம் நின்றேன். 2018இல் இந்த மலையில் குறிஞ்சி பூத்தது. அதே ஆண்டு செப்டம்பர் 6 அன்றுதான் உச்ச நீதிமன்றம் நம் உறவு குற்றமல்ல என்றது. அடுத்து குறிஞ்சி பூப்பது 2030இல். அப்போது துணையோடு வர ஆசை.